சக்கரவர்த்தி வண்டிக்கு ஷாக்கு மாற்றிய கதை

வாந்தி என்ற சொல்லைக் கேட்டாலே சக்கரவர்த்திக்குக் குமட்டும். யாருக்குத்தான் குமட்டாது என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அப்படிக் குமட்டுகிற மனுஷன் போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கலாமா? சக்கரவர்த்தி அப்படித்தான் பிழைத்தான். அவன் தலையில் எழுதியவன் பெரிய குறும்புக்காரனாக இருந்திருக்க வேண்டும்.

அவனுடைய அப்பா சின்னக்குழந்தை மலையடிவாரத்தில் மாட்டுத் தரகர். வாசலில் எந்நேரமும் யாருடைய மாடாவது கட்டிக்கிடக்கும். சாணி, மூத்திரம், மாட்டின் வாயிலிருந்து நூலாக இறங்கும் எச்சில், அதன்மேல் ஈ. சக்கரவர்த்தி சின்ன வயதிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவான். "தொரை வூட்டுப் புள்ள தப்பி வந்து நம்ம வூட்ல பொறந்துட்சி" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். டிரைவர் வேலைக்குப் போனதே அது சுத்தமான வேலை என்று நம்பித்தான். வெள்ளைச் சட்டை போடலாம், உட்கார்ந்த இடத்தில் வேலை, சாணிக்குப் பதில் பெட்ரோல் வாசனை. கண்ணமங்கலத்தில் ஒரு ரைஸ் மில்காரரிடம் டிரைவராக இருந்தான். அவர் புது வண்டி எடுத்தபோது பழைய அம்பாசிடரை இவனே வாங்கிக்கொண்டு மலைக்கு ஓட்ட ஆரம்பித்தான்.

மலைக்கு பஸ் உண்டு. வந்தால் வரும், வராவிட்டால் கேட்க ஆளில்லை. அதனால் வாடகைக் காருக்குக் கிராக்கி இருந்தது. ஆனால் மலைக்காரர்களுக்கு ஒரு வழக்கம். வழியில் யாராவது நின்றால் விட்டுவிட்டுப் போகக் கூடாது. வண்டியில் ஏற்கெனவே ஆள் மேல் ஆள் உட்கார்ந்திருக்கும், ஆனாலும் வளைவில் ஒருத்தி கூடையோடு நிற்பதைப் பார்த்துவிட்டால் உள்ளேயிருந்தே குரல் வரும்: "நிறுத்துப்பா, அது நம்ம ஊரு பொண்ணு." நம்ம ஊரோ, பக்கத்து ஊரோ, மலையில் நிற்கிற எல்லோரும் அவர்களுக்கு நம்ம ஊர்தான். இடம் இல்லையே என்று சக்கரவர்த்தி சொல்வதற்குள் அவர்களே இடுக்கி, நகர்ந்து, ஒருவர் மடியில் ஒருவர் ஏறி இடம் பண்ணிவிடுவார்கள். டிக்கியில் புளி மூட்டையும் சாமை மூட்டையும். காலடியில் கோழி. பலாப்பழக் காலமானால் அது வேறு பழுத்து நாறிக்கொண்டு வரும்.

வண்டியோ பழையது. ஷாக் அப்சார்பர் நாலும் எண்ணெய் கக்கிச் செத்து எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒரு குழியில் இறங்கினால் ஏரியில் விட்ட பரிசல்போல வெகு நேரம் ஆடிக்கொண்டே போகும். ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த கொண்டை ஊசி வளைவு வரும். நாலாவது வளைவில் யாராவது ஒருத்தர் "டிரைவரே..." என்று ஒரு மாதிரியாகக் கூப்பிடுவார்கள். அந்தக் குரலைக் கேட்டதும் சக்கரவர்த்திக்கு முதுகு சில்லிட்டுவிடும். நிறுத்துவதற்குள் ஆகிவிடும். ஒருத்தர் வாந்தி எடுத்தால் அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். அப்புறம் வரிசையாக நடக்கும். கதவில், சீட்டு மடிப்பில், ஜன்னல் கண்ணாடி இறங்குகிற சந்தில் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தச் சந்தில் போனதை மட்டும் எந்தத் தண்ணீராலும் எடுக்க முடியாது. வெயில் ஏற ஏற அது உள்ளேயிருந்து எழுந்து வரும்.

அப்போதெல்லாம் சக்கரவர்த்தி தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் பின்னால் பார்ப்பான். மூக்கும் மேலுதடும் சுருங்கி ஒன்றாகப் போய்விடும். "சீ! மனுஷ ஜென்மம்தானா? கொஞ்சம் அடக்கினு வரக் கூடாது?" என்பான். ஓடை வந்ததும் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, எடுத்தவர்களையே இறங்கிக் கழுவச் சொல்வான். தலை சுற்றிக்கொண்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பெண்பிள்ளைகள் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள். அவன் தூரப்போய் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பான். தான் ரொம்பப் பொறுமைசாலி என்பது அவனுடைய எண்ணம். வேறொருவனாக இருந்தால் அடித்திருப்பான் என்று வீட்டில் பெண்டாட்டி ஜெயம்மாளிடம் சொல்வான்.

ஜெயம்மாள் அதற்கெல்லாம் மசிகிறவள் இல்லை. தான் வீட்டுக்கு வந்ததும் நேராகக் கிணற்றடிக்குப் போக வேண்டும், குளிக்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று அவனே ஒரு சட்டம் போட்டிருந்தான். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் தட்டில் கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் இருக்கும். அதைப் பார்த்ததும் அவனுக்குப் பகலில் கண்டதெல்லாம் ஞாபகம் வரும். தட்டைத் தள்ளிவிடுவான்.

"நான் ஆக்கி வெச்ச சோத்தப் பாத்து மூஞ்சச் சுளிக்கிறியே, நான் இன்னா பாவம் பண்ணேன்?" என்று ஒருநாள் கேட்டாள். "வண்டில வர்றவங்களப் பாத்தும் இப்படித்தான் சுளிப்பியா?"

"ஒனக்கு இன்னா தெரியும்? நீ வந்து பாரு" என்றான்.

"நான் எதுக்கு வர்றேன்? ஒன் மூஞ்சிய வூட்ல பாக்கிறது பத்தாதா?"

ஒருநாள் மலைமேல் ஊர்க் கவுண்டரான முனிசாமி கவுண்டர் கடைத்தெருவில் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் சொன்னால் மலையில் நாலைந்து ஊர் கேட்கும். அதிர்ந்து பேசுகிற ஆள் இல்லை.

"இன்னா சக்கரவர்த்தி, போளூர்ல புதுசா ஒரு ஜீப்பு வந்துகீது. எங்க பொம்பளைங்க இனிமே அதுல போறோம்னு சொல்றாங்க. நான்தான் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி வெச்சிகீறேன்."

 மலைச் சவாரி போனால் சக்கரவர்த்தியிடம் மிச்சம் என்ன இருக்கிறது? போளூர் ஸ்டேஷன் வாசலில் ஈ ஓட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். "வண்டி ஆட்டம்தானேங்க? ஷாக்கு மாத்திட்டா ஒரு பொட்டு வாந்தி வராது. மாத்திர்றேன்" என்றான்.

கவுண்டர் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். வேறு ஏதோ சொல்ல வந்தவர், "சரி, மாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போளூரில் ஆதிநாராயணன் ஒர்க்‌ஷாப். கைவேலை நல்ல வேலைதான், ஆளுக்குத்தான் வாய் நீளம். சக்கரவர்த்தியின் வண்டி வந்தாலே மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொள்வான். அன்றைக்கும் கட்டிக்கொண்டு, மட்கார்டில் கையை ஊன்றி ஓர் அழுத்து அழுத்திவிட்டான். வண்டி மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.

"பாத்தியா? அழுத்தி வுட்டா ஒரு தபா ஏறி நிக்கணும். இது தொட்டில்மேரி ஆடிகினே கீது. நாலையும் மாத்தணும். ஒத்தையா மாத்தினா ஒரு பக்கம் இஸ்துகினு போவும்."

உள்ளேயிருந்து ஷாக்குகளைக் கொண்டுவந்து சிமெண்டுத் தரையில் நிறுத்தினான். ஒரு ஜோடி யாரோ கழற்றிப் போட்டதை எண்ணெய் ஊற்றி, கறுப்புப் பெயிண்டு அடித்துப் புதுசுபோல் வைத்தது. அதை ஆதிநாராயணனே கால் விரலால் தள்ளிவிட்டான். "இத வெளியூர்க்காரனுக்குத்தான் விப்பேன்" என்றான். அந்த யோக்கியதையைக் கேட்டு சக்கரவர்த்திக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. இன்னொன்று அம்பாசிடருக்கென்றே வருவது. மூன்றாவது ஏதோ சரக்கு வேனுக்கு உள்ளது, தொடை தடிமன் இருந்தது. "இப்ப வந்துகீற சின்னக் கார்ல ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒண்ணாவே வருது. ஸ்ட்ரட்டுன்றான். அதெல்லாம் ஒன் வண்டிக்குச் சேராது" என்று கேட்காத செய்தியையும் சொன்னான்.

சக்கரவர்த்தி குனிந்தான். இங்கேதான் மாட்டுத் தரகர் மகன் வெளியே வந்தான். அப்பா சந்தையில் மாட்டின் இடுப்பில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். முதுகைக் குழைத்துக் கீழே இறங்குகிற மாடு பாரத்துக்கு ஆகாது. விரலை மதிக்காமல் நிற்கிற மாடுதான் மூட்டையோடு மலையேறும். சாணியை வெறுத்தவன் அந்தப் பாடத்தை மட்டும் மறக்கவில்லை. அம்பாசிடர் ஷாக்கின் தலையில் கையை வைத்து அழுத்தினான். அது மெல்ல இறங்கியது. உதட்டைப் பிதுக்கினான். வேன் ஷாக்கை அழுத்தினான். ஊஹும். மேலே ஏறி நிற்காத குறையாக அழுத்தினான். அசையவில்லை.

"இதான்" என்றான்.

"யோவ், அது வேனுக்கு. ஷாக்கு பாரம் தாங்குறதுக்கு இல்லய்யா. பாரம் தாங்க அடியில பட்டை ஸ்பிரிங்கு கீது. இது ஆட்டத்த அடக்குறதுக்கு."

"என் வண்டில ஏறுற கூட்டத்த நீ பாத்துகீறியா? கொழையாததா போடு."

ஆதிநாராயணனுக்கு விற்றால் சரி. ஷாக்கை வண்டியில் பொருத்துகிற இரும்புக் காதை வெட்டிப் பற்றவைத்து, எப்படியோ பொருத்திக் கொடுத்துவிட்டான். மட்கார்டை அழுத்தினால் கைதான் வலித்தது. சக்கரவர்த்திக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறுநாள் மலையேறியபோது ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை. எடுப்பதற்கு எங்கே நேரம்? ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி தூக்கிப் போட்டது. புளி மூட்டை டிக்கி மூடியை இடித்தது. கோழி கத்தக்கூட மறந்துவிட்டது. ஆட்கள் தலையால் கூரையை முட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வாய் பேசாமல் வந்தார்கள். அந்த அமைதியை நிம்மதி என்று எடுத்துக்கொண்டு சக்கரவர்த்தி சீட்டியடித்தான். ஏழாவது வளைவில் ஒரு குழி. வண்டி இறங்கி எழுந்த வேகத்தில் பின்னாலிருந்த பாஞ்சாலி என்கிற பெண் நாக்கைக் கடித்துக்கொண்டுவிட்டாள். நல்ல கடி. ரத்தம் மோவாயில் வழிந்து, அவன் புதிதாகத் தைத்துப் போட்ட வெள்ளை சீட்டு உறையில் சொட்டியது.

சக்கரவர்த்தி கண்ணாடியில் பார்த்தான். மூக்கும் மேலுதடும் அவனைக் கேட்காமலே சுருங்கின.

"அய்ய! உறையெல்லாம் பாழு. துணிய வெச்சி வாயப் பொத்து."

முன் சீட்டில் இருந்த முனிசாமி கவுண்டர், "நிறுத்து" என்றார். நிறுத்தினான். அவர் இறங்கினார். பாஞ்சாலியை இறக்கினார்கள். அப்புறம் ஒவ்வொருவராக எல்லோருமே இறங்கினார்கள். மூட்டையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டார்கள்.

"குழி சாமி அது, நான் வேணும்னா வுட்டேன்?" என்றான் சக்கரவர்த்தி.

"குழிய யாரு இன்னா சொன்னா?" கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "வாந்தி எடுத்தா மூஞ்சச் சுளிச்ச. இப்ப ரத்தம் வந்தாலும் சுளிக்கிற. எங்களப் பாத்தா ஒனக்கு இன்னாதான்யா? நாங்க நடந்துக்கிறோம், நீ போ."

அவர் சொன்னது அவன் காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. ஷாக்கு சரியில்லை, அதனால் கோபம் என்றுதான் கணக்குப் போட்டான். அடுத்த வாரம் முழுக்க ஜீப் ஆட்களை அடைத்துக்கொண்டு அவன் வண்டியைத் தாண்டித் தாண்டிப் போனது. ஜீப்பிலும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி எடுத்துக்கொண்டுதான் போனார்கள். 'கருமம், எதில் ஏறினாலும் இதுகள் இப்படித்தான்' என்று நினைத்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

மறுபடி ஆதிநாராயணனிடம் போனான். ஆதிநாராயணன் சிரித்த சிரிப்பை அவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். வேன் ஷாக்கைக் கழற்றிப்போட்டு, அம்பாசிடருக்கு உரியதையே நாலு பக்கமும் மாட்டினான். ரப்பர் புஷ்ஷும் புதுசு.

"ஒனக்கு இதுவும் சந்தேகம்தான் வரும். நீ ஒரு தபாவாவது பின்னால ஒக்காந்து பாத்துகீறியா? ஸ்டீரிங்கப் புடிச்சினு இருக்கறவனுக்கு வண்டி எப்படிப் போவுதுன்னு எங்க தெரியும்? நான் ஓட்டுறேன். நீ போயி பின்னால குந்து."

அது நியாயமாகத்தான் பட்டது. அன்று சந்தை நாள். சாயங்காலம் ஜீப் முதல் நடை போய்விட்டிருந்தது. பஸ் வரவில்லை. மலைக்காரர்கள் மூட்டையும் பாத்திரமுமாக நின்றுகொண்டிருந்தார்கள். முனிசாமி கவுண்டரும் இருந்தார். பக்கத்தில் புளி விற்றுவிட்டுத் திரும்புகிற கன்னியம்மாள். வாட்டசாட்டமான பெண்பிள்ளை, வாயாடி என்று பெயர் எடுத்தவள். சக்கரவர்த்தி போய் நின்றான்.

"கவுண்டரே, ஷாக்க மாத்திட்டேன். ஒரே ஒரு தபா ஏறிப் பாருங்க. நல்லாயில்லன்னா அப்புறம் நான் மலைப் பக்கமே வரல."

கவுண்டர் யோசித்தார். கன்னியம்மாள்தான், "இருட்டறதுக்குள்ள வூடு போவணும், ஏறுங்க" என்று கூடையைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

சக்கரவர்த்தி பின்சீட்டில் நடுவில் சிக்கிக்கொண்டான். ஒரு பக்கம் கவுண்டர், மறுபக்கம் கன்னியம்மாள், எதிரே முன்சீட்டின் முதுகு, காலுக்கடியில் எவருடைய கருவாட்டு மூட்டையோ. வழியில் ஒருவன் கை காட்டினான். "நிறுத்துப்பா, நம்ம ஊரு" என்றார்கள். அவன் வந்து சக்கரவர்த்தியின் ஒரு தொடைமேலேயே உட்கார்ந்தான். பீடி நாற்றம், வேர்வை, கருவாடு. வெளியே பார்க்கலாம் என்றால் தோள்களும் கூடையும்தான் தெரிந்தன. வண்டி என்னவோ அருமையாகப் போனது. குழியில் இறங்கினால் ஒரு தடவை எழுந்து நின்றுவிட்டது. பாத்திரம் இடிக்கவில்லை, தலை முட்டவில்லை. மலைக்காரர்கள் நிம்மதியாகப் பேசிக்கொண்டே வந்தார்கள். "ஷாக்கு நல்லாத்தான்யா கீது" என்று யாரோ சொன்னதும் அவனுக்குக் காதில் விழுந்தது.

முதல் வளைவில் வாயில் எச்சில் ஊறியது. இரண்டாவதில் காது அடைத்தது. எந்தப் பக்கம் திரும்பும் என்று முன்கூட்டியே தெரிந்து ஓட்டியவனுக்கு, தெரியாமல் திரும்பும்போது வயிறு தனியாகவும் உடம்பு தனியாகவும் போனது. அடக்கிக்கொள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பல்லைக் கடித்தான். நாலாவது வளைவில் "ஆதி..." என்று ஒரு மாதிரியாகக் கூப்பிட்டான். அந்தக் குரல் யாருடையது என்று அவனுக்கே ஒரு கணம் புரியவில்லை.

அதற்குள் ஆகிவிட்டது. கவுண்டர் வேட்டிமேல், கன்னியம்மாள் மடிமேல், தன் வெள்ளைச் சட்டைமேல். அன்றைக்கு வண்டியில் எடுத்தது அவன் ஒருவன்தான்.

ஓர் அகன்ற கை வந்து அவன் நெற்றியை அழுத்திப் பிடித்தது. கன்னியம்மாளின் கை. இன்னொரு கை முதுகைத் தடவியது. "வரட்டும், வரட்டும். அடக்காத, தம்பி. எல்லாத்தையும் வுட்டுடு." தொடைமேல் உட்கார்ந்திருந்தவன் எழ முடியாமல் எழுந்து, குனிந்து இடம் விட்டான். கவுண்டர் தோளிலிருந்த துண்டை எடுத்து முதலில் அவன் வாயைத் துடைத்தார். அப்புறம்தான் தன் வேட்டியைத் துடைத்தார். முன்னாலிருந்து ஒருத்தி கூடையிலிருந்த புளியங்கொழுந்தைக் கிள்ளி நீட்டினாள். "வாயில அடக்கிக்கோ, கேக்கும்" என்றாள். சக்கரவர்த்தி கண்ணில் நீர் வழிய, ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒரு மூக்காவது சுருங்கியிருக்கும் என்று தேடினான். எல்லா முகமும் எப்போதும்போலத்தான் இருந்தது.

ஒரே ஒரு முகம் சுருங்கியிருந்தது. அது டிரைவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் இருந்தது.

"சீ!" என்றான் ஆதிநாராயணன், கைக்குட்டையை மூக்கில் இழுத்துவிட்டுக்கொண்டு. "புது ஷாக்கு மாட்டின வண்டியப் போயி நாறடிச்சிட்டியே. மாடாய்யா நீ? ஓடை வரட்டும், நீயே எறங்கிக் கழுவு."

சக்கரவர்த்திக்கு அந்த ஒரு 'சீ'யில் உடம்பு கூசிப்போனது. தலையை நிமிர்த்த முடியவில்லை. இத்தனை வருஷமும் இந்தச் சீட்டில் உட்கார்ந்து, மயக்கத்தோடும் வெட்கத்தோடும் இதே கண்ணாடியைப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று அப்போது தெரிந்தது. வாந்தியைப் பார்த்துக்கூட அவ்வளவு வந்ததில்லை, அப்படி ஓர் அருவருப்பு தன்னை நினைத்து வந்தது. அது துடைத்தும் போகவில்லை.

"ஏம்ப்பா டிரைவரு, மனுசனுக்கு ஒடம்பு சொகமில்லன்னா இப்படித்தான் பேசுவியா? ரோட்டப் பாத்து ஓட்டு" என்று கன்னியம்மாள் முன்னால் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். நெற்றியைப் பிடித்த கையை மட்டும் எடுக்கவில்லை.

ஓடையில் வண்டி நின்றது. சக்கரவர்த்தி தள்ளாடி இறங்கி வாளியைத் தேடினான். அதற்குள் கன்னியம்மாளும் இன்னொருத்தியும் தண்ணீர் மொண்டு சீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியைப் பிடுங்கப் போனான். "நீ போயி கல்லு மேல குந்து, காத்து வாங்கு" என்று விரட்டினார்கள். ஆதிநாராயணன் தூரத்தில் நின்று பீடி குடித்தான். சக்கரவர்த்தி கல்மேல் உட்கார்ந்து அழுதான். ஏன் அழுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. வாந்தி எடுத்த களைப்பு என்று நினைத்திருப்பார்கள்.

கவுண்டர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஷாக்கு நல்லாதான் கீது" என்றார்.

"அடுத்த சந்தைக்கு வருவீங்களாங்க?" அவன் அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

கவுண்டர் பதில் சொல்வதற்குள் கன்னியம்மாள் கையை உதறிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள்.

"வர்றோம். ஆனா அந்த ஆளு வாணாம். அவன் மூஞ்சே சரியில்ல. நீயே ஓட்டு."